பிளாக் டைம்: 'பறப்பு நேரம்' போதாது

வணக்கம்,

விமானப் பயணத்தில் வரும் 'பிளாக் டைம்', 'எயார் டைம்' என்ற இரண்டு சொற்களுக்கும் தமிழில் என்ன போடுவது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> இரண்டுக்கும் 'பறப்பு நேரம்' என்றே போட்டுவிடலாம், வாசிப்பவருக்கு விளங்கும்.

விளங்காது அண்ணா. ஒருமுறை வெளிநாடு போனபோது விமானம் இறங்கிய பிறகும் நிற்க இடம் கிடைக்காமல் அரை மணி நேரம் ஓடுபாதை ஓரத்தில் கிடந்தோம், பக்கத்து சீட் அம்மா பெல்ட்டைக் கழற்றுவதும் ஏச்சு வாங்கி மறுபடி போடுவதுமாக இருந்தார். அந்த அரை மணி நேரத்தைப் பறப்பு என்று எப்படி எழுதுவது?

பிளாக் என்பது வேறொன்றுமில்லை, நிற்கிற விமானத்தின் சில்லுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை. ஏற்றத்தில் நிற்கிற லொறிக்குக் கல் வைப்பார்களே, அதே வேலைதான். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ளது பிளாக் டைம். டிக்கெட்டில் போடுகிற நேரமும் இந்தக் கணக்குத்தான். குழப்பம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது: விமானி தன் பதிவேட்டில் எழுதும் 'பிளைட் டைம்' கூட, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறைப்படி, கட்டையிலிருந்து கட்டை வரைதான். சில்லு தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை உள்ளது 'எயார் டைம்'. என் கட்சி, எயார் டைமுக்குத்தான் பறப்பு நேரம் பொருந்தும், 'பிளைட்' என்ற சொல்லைக் கண்டு ஏமாறக்கூடாது.

அப்போ பிளாக் டைமுக்கு? 'கட்டை நேரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயோ, வேண்டாம். கட்டையில் போக என்று திட்டுகிற ஊர் நம்முடையது, பிளேன் ஏறப் போகிறவரிடம் உங்கள் கட்டை நேரம் பதினொரு மணி என்று சொன்னால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் வைப்பது தரிப்பிடை நேரம். பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம் என்று கொழும்பில் பலகை பலகையாக எழுதி வைத்திருக்கிற சொல். ஒரு தரிப்புக்கும் அடுத்த தரிப்புக்கும் இடையில் உள்ள நேரம், அவ்வளவுதான்.

> தூரத்துக்கு 'வான்வழித் தூரம்' சரிதானே?

அதிலும் எனக்கு இழுபறி. கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையில் சுமார் 8,700 கிலோமீட்டர் என்று போடுகிறோமே, அது எந்த விமானமும் அப்படியே போகிற வழியில்லை. பிள்ளையின் பூகோள உருண்டையில் நேற்று ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் கோடு போட்டால் அரேபியாவுக்கு மேலால், மத்தியதரைக் கடலால் போகும். நூலோ இந்தியாவின் மேற்குக் கரையைத் தாண்டி, ஈரான், கருங்கடல், உக்ரைனின் தென்மேற்கு, ஜெர்மனி என்று வடக்கே வளைந்து போகிறது. அதுதான் மிகக் குறுகிய வழி, ஆனால் 2022 பெப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது, விமானம் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே நூலின் நீளத்துக்குப் பெருவட்டத் தூரம் (பாடப்புத்தகத்தில் பெருவட்டம் ஏற்கெனவே இருக்கிறது), உண்மையில் பறந்து கடந்ததற்கு வான்வழித் தூரம். இரண்டும் வேண்டும். மேற்கே போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது அதே காற்று முதுகில், அதனால் ஒரே பெருவட்டத் தூரத்துக்கு இரண்டு விதமான நேரம் வரும் என்பதையும் அப்போதுதான் சிக்கலில்லாமல் எழுதலாம்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு கேள்வி. தரிப்பு என்றால் உங்கள் பக்கம் உடை தரிப்பதுதான் நினைவுக்கு வருமா? வருமென்றால் 'நிறுத்திடை நேரம்' என்றாலும் எனக்குச் சம்மதம். கட்டை மட்டும் வேண்டாம்.