எல்சாட் அசம்ப்ஷன் கேள்வி: கடுமையான சொல் வந்தாலே ஆப்ஷனைக் கழித்துவிடலாமா?

கீர்த்தி:
அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கு (LSAT) படித்துக்கொண்டிருக்கிறேன். ஆகஸ்ட் 2024-இல் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்தான், அதாவது சின்னச் சின்ன வாதங்களை அலசும் கேள்விகள். இதில் அரைகுறையாகப் போய் உட்கார முடியாது. பயிற்சிக்காக நாங்களே எழுதிய ஒரு கேள்வியில், என்னோடு படிப்பவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை:

"ஒரு நிறுவனம் ஊழியர்களுக்காக உடற்பயிற்சிக் கூடம் திறந்தது. அடுத்த ஓராண்டில், அங்கே தவறாமல் வந்தவர்கள் மற்ற ஊழியர்களைவிடக் குறைவாகவே மருத்துவ விடுப்பு எடுத்தார்கள். ஆகவே, வந்தவர்களின் உடல்நலத்தை அந்தக் கூடம் மேம்படுத்தியிருக்கிறது."

இந்த வாதம் எந்த அசம்ப்ஷனை (வெளிப்படையாகச் சொல்லாமல் உண்மை என்று எடுத்துக்கொண்டதை) நம்பி நிற்கிறது? ஐந்து ஆப்ஷனில் மூன்று எளிதாகக் கழிந்துவிட்டன. மிச்சம் இரண்டு:

(ஆ) ஒரு வசதியைத் தவறாமல் பயன்படுத்துபவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவ விடுப்பு எடுத்தால், அந்த வசதி அவர்களின் உடல்நலத்தை மேம்படுத்தியிருக்கிறது.

(ஈ) விடுப்பில் தெரியும் வித்தியாசம், ஏற்கெனவே நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களே கூடத்துக்கு வந்ததால் முழுக்க முழுக்க ஏற்பட்டதல்ல.

பரணி:
ஆ தான். ஆதாரம் விடுப்பைப் பற்றிப் பேசுகிறது, முடிவு உடல்நலத்தைப் பற்றி. நடுவில் உள்ள ஓட்டையை ஆ முழுவதுமாக அடைத்துவிடுகிறது. ஈ-யில் 'முழுக்க முழுக்க' என்று இருக்கிறது பாருங்கள். எல்லாம், எப்போதும், முழுக்க, ஒருபோதும் என்ற மாதிரிச் சொல் அசம்ப்ஷன் ஆப்ஷனில் வந்தால் நான் யோசிக்காமல் கழித்துவிடுவேன். பெரும்பாலும் கை கொடுத்திருக்கிறது.

எழிலன்:
பரணி, நீங்கள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். "இதை ஏற்றுக்கொண்டால் முடிவு தவறாமல் கிடைக்கும், அது எது?" என்று கேட்டிருந்தால் ஆ சரி. அது சஃபிஷியன்ட் அசம்ப்ஷன். இங்கே கேட்டிருப்பது நெசசரி: எது இல்லாவிட்டால் இந்த வாதம் நிற்காது?

மறுத்துப் பாருங்கள். ஆ-வை மறுத்தால், "அப்படி நடக்கும் எல்லா இடங்களிலும் அந்த வசதிதான் காரணம் என்று சொல்ல முடியாது" என்று வரும். சரி, இருக்கட்டும். ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு வசதிக்கு அது பொருந்தாமல் போனால் இந்தக் கூடத்துக்கு என்ன நஷ்டம்? வாதம் அப்படியே நிற்கிறது.

ஈ-யை மறுத்தால், "அந்த வித்தியாசம் முழுவதும் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் வந்ததால்தான்" என்று ஆகிறது. அதற்கப்புறம் கூடத்துக்கு அதில் பங்கு எங்கே இருக்கிறது? இருந்த ஒரே ஆதாரமும் போய்விட்டது.

பரணி:
அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆரோக்கியமானவர்களே வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வந்த பிறகு அவர்கள் இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமாக ஆகியிருக்கலாமே? விடுப்புக் கணக்கில் அது தெரியாமல் போயிருக்கலாம். ஈ-யை மறுத்த பிறகும் முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் ஈ எப்படிக் கட்டாயம் தேவை என்று ஆகும்?

எழிலன்:
நல்ல கேள்வி. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது வாதத்தை. முடிவு தற்செயலாக உண்மையாக இருந்துவிடலாம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பத்தி "மற்றவர்களைவிட விடுப்பு குறைவு, ஆகவே..." என்றுதான் அங்கே போய்ச் சேருகிறது. அந்த 'ஆகவே'வுக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் சோதனை. ஈ-யை மறுத்துவிட்டால், விடுப்புக் கணக்கிலிருந்து கூடத்தைப் பற்றி எதையுமே பெற முடியாது. பிறகு முடிவு உண்மையாகவே இருந்தாலும் அதற்கு இந்த ஆதாரம் காரணமாக இருக்காது. நீதிமன்றத்தில் சாட்சி விழுந்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையில் என்ன செய்தார் என்பது வேறு, வழக்கு நிற்குமா என்பது வேறு. சட்டக் கல்லூரிக்கான தேர்வு இந்த வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தர்ஷினி:
'முழுக்க முழுக்க' பற்றி ஒன்று. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஈ-யை இப்படி மாற்றிப் பாருங்கள்: "...ஆரோக்கியமானவர்களே வந்ததால் ஓரளவுகூட ஏற்பட்டதல்ல."

இப்போது அந்த ஆப்ஷன் தவறாகிவிடுகிறது! வித்தியாசத்தில் ஒரு பங்கு அவர்களால் வந்திருந்தாலும், மீதிப் பங்கு கூடத்தால் வந்திருக்கலாம். வாதம் பிழைத்துக்கொள்ளும். அதாவது, 'முழுக்க முழுக்க ஏற்பட்டதல்ல' என்பது மிகக் குறைவாகவே கேட்கும் கூற்று. சொல் கடுமையாக இருந்தாலும் 'அல்ல' சேர்ந்ததும் கூற்று மென்மையாகிவிடுகிறது. பரணி கழிக்கச் சொன்ன சொல்தான் இந்த ஆப்ஷனைக் காப்பாற்றுகிறது. உண்மையில் அளவு மீறிப் பேசுவது ஆ. உலகத்தில் உள்ள எந்த வசதிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சட்டமே போட்டிருக்கிறது.

பரணி:
தர்ஷினி சொன்ன உதாரணம் வலுவானது. ஆனால் நேரத்தையும் பாருங்கள். 35 நிமிடம், ஏறத்தாழ 25 கேள்வி. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. ஐந்து ஆப்ஷனையும் மறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசிக் கேள்விகளைத் தொடவே முடியாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. விதி வைத்துக்கொண்டு வேகமாகப் போவதில் என்ன தப்பு?

எழிலன்:
ஐந்தையும் யார் மறுக்கச் சொன்னது? கீர்த்தி செய்த மாதிரி மூன்றைக் கழித்த பிறகு, மிச்சமிருக்கும் இரண்டில் மட்டும் செய்யுங்கள். பழகிவிட்டால் சில விநாடிதான். சஃபிஷியன்ட் கேள்வியில் கடுமையான சொல்தான் பெரும்பாலும் விடைக்கு வேண்டும். உங்கள் விதி அங்கே தலைகீழாகிவிடும். கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் ஆப்ஷனில் உள்ள சொல்லை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் அடி.

கீர்த்தி:
இதே பத்திக்கு, "வாதத்தை எது பலவீனப்படுத்தும்?" என்று கேட்டால்? "வந்தவர்களில் பெரும்பாலோர், கூடம் திறப்பதற்கு முந்தைய ஆண்டிலும் மற்றவர்களைவிடக் குறைவாகவே விடுப்பு எடுத்தவர்கள்" என்று ஓர் ஆப்ஷன் எழுதினேன். ஆனால் இது வாதத்தை முழுவதும் உடைக்கவில்லையே என்று சந்தேகம்.

தர்ஷினி:
உடைக்க வேண்டியதே இல்லை கீர்த்தி, நம்பிக்கை குறைந்தால் போதும். அது நல்ல விடை. அவர்கள் விடுப்பு முந்தைய ஆண்டைவிட இன்னும் குறைந்ததா என்று பத்தியில் இல்லை. அந்த இடைவெளியைத்தான் உங்கள் ஆப்ஷன் பிடித்திருக்கிறது.

பரணி:
கடைசி மூன்று நிமிடத்தில் நாலு கேள்வி மிச்சமிருந்தால் நான் என் விதியைத்தான் பிடிப்பேன், அதை விடப்போவதில்லை. ஆனால் 'அல்ல', 'இல்லை' சேர்ந்து வரும் ஆப்ஷனை இனி அதில் சேர்க்க மாட்டேன். கீர்த்தி, கழித்த மூன்று ஆப்ஷனையும் இங்கே போடுங்கள். அவற்றில் 'அல்ல' எத்தனை என்று பார்க்க வேண்டும்.