பேர வாவியை எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்?

உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பாடப்புத்தக உணவுச் சங்கிலியில் அம்புக்குறி இருக்கிறது, மணிக்கூடு இல்லை. சூழலியலாக யோசிக்கப் பழகுகிறவர்கள் அந்த மணிக்கூட்டைத்தான் முதலில் மாட்டவேண்டும்.

கொழும்பு நகர நடுவிலுள்ள பேர வாவிபோல அல்கா (நுண்பாசி) மண்டிப் பச்சையான நீரில், நல்ல வெயில் நாளில் பிற்பகல் 2 மணிக்குக் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். 30 பாகை வெப்பத்தில் வளியிலிருந்து மட்டும் நீர் பிடிக்கக்கூடியது ஏறத்தாழ 7.5 தான். மிச்சம் ஒளித்தொகுப்பின் வரவு. பொழுதுபட்டால் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது: அதே அல்காவும் சுவாசிக்கும், அடிச்சேற்றுப் பற்றீரியாவும் எடுக்கும். விடியும்போது 2 இற்குக் கீழே இறங்கினால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். காலையில் மீன் செத்து மிதந்தால் "ஆரோ நஞ்சு ஊத்திட்டாங்கள்" என்பதற்கு முன், முதல்நாள் வானம் மூடிக்கிடந்ததா என்று விசாரிப்பது நல்லது.

ஆகவே ஒட்சிசனை அளக்க ஒரே இடம், ஒரே ஆழம் (30 சென்ரிமீற்றர்), இரண்டு நேரம்: பிற்பகல் 2 மணியும் அடுத்தநாள் சூரியன் எழும்ப முன்னும். ஒற்றை வாசிப்பை வைத்து வாவி நலமா இல்லையா என்று சொல்லவே முடியாது.

அளவி

தங்கச்சி, நேரக் கணக்குச் சரி. ஆனால் மாணவர்களின் எண் பிழைப்பது பெரும்பாலும் போத்தலில்தான். வாளியில் அள்ளி ஊற்றினால் வளியும் சேர்ந்து போகும். விடியற்காலை வாசிப்பு பொய்யாகக் கூடிவிடும். 300 மில்லிலீற்றர்க் கண்ணாடிப் போத்தலின் அடிவரை குழாயை விட்டு, இரண்டு மூன்று போத்தல் அளவு நீர் வழிந்தோடும்வரை நிரப்புங்கோ. குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

ஒட்சிசனைப் பிடித்துவைக்க, கரையில் வைத்தே போத்தலுக்குள் மங்கனீசு சல்பேற்று 1 மில்லிலீற்றர், பிறகு கார அயடைட்டு-ஏசைட்டுக் கரைசல் 1 மில்லிலீற்றர். மூடிப் பல தடவை கவிழ்த்து எடுக்க, மண்ணிறமாக வீழ்படிந்தால் ஒட்சிசன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை, அதுவும் ஒரு விடைதான். வீழ்படிவு பாதிக்கு இறங்கியதும் செறிந்த சல்பூரிக்கமிலம் 1 மில்லிலீற்றர். இதற்குப் பிறகு ஆய்வுகூடத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோகலாம். சும்மா நீரைக் கொண்டுபோனால் போகிற வழியிலேயே பற்றீரியா ஒட்சிசனைத் தின்றுவிடும். 200 மில்லிலீற்றரை 0.025 மூலர் தயோசல்பேற்றால் நியமித்தால் (நிறம் மறையும்வரை துளித்துளியாக விட்டு அளந்தால்), செலவான ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு 1 மில்லிகிராம். நிறங்காட்டியான மாப்பொருளை, அயடீனின் மஞ்சள் வெளிறிய பிறகே சேர்க்கவேண்டும். முன்கூட்டிச் சேர்த்தால் நீலம் லேசில் மறையாது, முடிவுப் புள்ளி தவறும்.

ஏசைட்டு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடவேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சலை நினைத்து நீரிலும் கைவைக்கவேண்டாம்.

கால்வாய்க்கரை

வாவியைப்போல, நீரில் மிதக்கும் களையான சல்வீனியாவிலும் கண் ஏமாறும். இலங்கைக்கு 1939 இல் கொழும்பிலே தாவரவியல் படிப்பிக்கக் கொண்டுவந்தது, வெளியே தப்பியது. (படிப்பிக்கவந்தது இன்னும் படிப்பிக்கிறது.) இது வளமான வித்தி போடாது, துண்டிலிருந்துதான் பெருகும். ஆகவே வாரியால் இழுத்து அறுத்தால் நாற்று நட்டதுபோல.

களை எவ்வளவு என்று அளக்க ஒரு சதுரச் சட்டம் வேண்டும்: அரை அங்குல பிவிசி குழாயில் 50 சென்ரிமீற்றர்த் துண்டு நான்கு, முழங்கை நான்கு. மூட்டுக்குப் பசை போடாவிட்டால் நீர் ஏறிச் சட்டம் தாழும். உள்ளே உள்ளதை அள்ளி, வலையில் ஐந்து நிமிடம் வடியவிட்டு நிறுத்து நாலால் பெருக்கினால் சதுர மீற்றர்க் கணக்கு. சட்டத்தை அடர்ந்த இடமாகப் பார்த்து எறியாதீர்கள். கயிற்றில் 5 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சு விழும் இடத்திலேயே வையுங்கோ.

உயர்தர மாணவி, வெள்ளவத்தை

அண்ணா, சல்வீனியாவை அடக்க யூரியா போட்டார்களாமே, பப்புவா நியூகினியில்? களைக்கே பசளையா?

கால்வாய்க்கரை

உண்மைதான். 1972 வரை இந்தக் களையை வேறோர் இனமென்று நினைத்ததால் அதற்கேற்ற பூச்சியைத் தேடும் இடமும் பிழைத்தது. பிறகு தென்கிழக்குப் பிரேசிலில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்ச் சிறுவண்டு கிடைத்தது. வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும், குடம்பி (வண்டின் புழு) தண்டைத் துளைக்கும். இலங்கையில் விட்டது 1986 இல். பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப்பக்கமோ களையில் நைதரசன் குறைவு, வண்டுக்கு அது போதவில்லை. யூரியா போட்டதும் களை சத்தானது, வண்டு பெருகியது, களை சரிந்தது. கொழும்பில் இதைச் செய்து பார்க்கவேண்டாம். இங்கே கழிவுநீர் போடும் நைதரசனே மிதமிஞ்சியது.

பிடுங்கியதைக் கரையில் குவித்தால் அடுத்த மழைக்கு அந்த நைதரசன் திரும்ப நீருக்குத்தான். நீர் வழியாத மேட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டெரு ஆக்கவேண்டும். தியசரு, பெத்தகான ஈரநிலப் பூங்காக்களில் அனுமதி எடுத்தே இறங்குங்கோ, தியவன்னா வாவிப் பக்கம் முதலையும் உண்டு. வலையை வெயிலில் நொறுங்கக் காயவிட்டு உதறிய பிறகே அடுத்த குளத்துக்கு.