வாங்கிய ஐந்தாம் நாளில் போனை மாற்றித் தரச் சொன்னபோது

அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். பழைய போனில் எழுத்து சிறியது, சார்ஜ் அரை நாள் நிற்காது. புதுசு கைக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எண்களை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். "அம்மா ஏன் இப்படிக் கத்திக் கத்திப் பேசுறாங்க, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றாள். அம்மாவிடமே கேட்டேன். "நான் பேசுறது யாருக்கும் சரியாக் கேட்க மாட்டேங்குது. எனக்குத்தான் குரல் தேய்ஞ்சு போச்சுன்னு நினைச்சேன். நீ ஆசையா வாங்கிக் கொடுத்தது, அதுல குறை சொல்ல மனசு வரலை" என்றார். பரிசாகக் கொடுத்த போனில் பழுது இருந்தால் அது இப்படித்தான் தாமதமாகத் தெரிய வருகிறது. கடை கொடுத்த திருப்பித் தரும் காலம் மொத்தமே ஏழு நாள்.

போனில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் இருக்கும். காதில் வைத்துப் பேசும்போது முக்கியமாக வேலை செய்வது அடியில் இருப்பது. மேலே இருப்பது சுற்றுப்புற இரைச்சலைக் குறைக்க உதவும். ஸ்பீக்கரில் பேசும்போதும் வீடியோ எடுக்கும்போதும் வேறு மைக்குகள் சேர்ந்துகொள்ளலாம். இது தெரிந்ததால் அம்மாவை ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னேன். தெளிவாகக் கேட்டது. அதே போனைக் காதில் வைத்துப் பேசினார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. இரண்டையும் என் போனில் பதிவு செய்து வைத்தேன். பின்னால் எனக்குக் கை கொடுத்தது இந்தப் பதிவுதான்.

ஐந்தாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு கடைக்குப் போனேன். "சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்று அனுப்பினார்கள். சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் பணியாளர் உடனே ஒரு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். எனக்கு என்னவோ தோன்றியது. "இதில் கையெழுத்துப் போட்டால் புது போன் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "சார், இது ரிப்பேர் ஜாப் ஷீட். இதைப் போட்டா நாங்க மைக்கை மாத்தித் தருவோம், அவ்வளவுதான். அதுக்குள்ள உங்க ஏழு நாள் முடிஞ்சிடும். புது போன் வேணும்னா டிஓஏ சான்று கேளுங்க."

வாங்கும்போதே பழுதாக வந்தது என்பதைத்தான் அந்தத் தொழிலில் டிஓஏ என்கிறார்கள். நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் சோதித்துப் பார்த்து, பழுதையும் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணையும் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அதை வைத்ததும் கடையில் பேச்சே மாறிவிட்டது. முதலில் ஒரு ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரு வாரமே ஆன புது போனைத் திறந்து பழுது பார்த்துக் கொடுத்திருப்பார்கள், நாங்களும் வாங்கிக்கொண்டு வந்திருப்போம். அந்தப் பணியாளருக்கு இதைச் சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. அதனால்தான் இங்கே எழுதத் தோன்றியது. உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

* * *

நான் ஆறு ஆண்டு ஒரு மொபைல் கடையில் கவுன்ட்டரில் நின்றவன். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். "சாஃப்ட்வேர் அப்டேட் வரும், சரியாயிடும், ரெண்டு நாள் பாருங்க" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். சில நேரம் அது உண்மை. சில நேரம் தேதி கடந்துவிட வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அப்படிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால், சரி என்று கிளம்பி வராதீர்கள். "நான் இன்றைக்கு வந்து புகார் சொன்னேன் என்று பில்லின் பின்னால் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி பதிவாகிவிட்டால் பிறகு யாரும் அதை மாற்ற முடியாது.

இன்னொன்று, திரை. கடையின் வெளிச்சத்தில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். வீட்டுக்குப் போய் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அமோலெட் திரையில் பச்சைச் சாயலோ கோடோ இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். கோடு தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள், அதில் வராது. ஸ்கிரீன்ஷாட் என்பது போன் தனக்குள்ளே உருவாக்கிய படம், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பழுது அதற்குத் தெரியாது. இன்னொரு போனால் படம் எடுக்க வேண்டும். இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட்டை வேறு போனில் திறந்து பார்க்கும்போதும் கோடு இருந்தால் சாஃப்ட்வேர் கோளாறு, இல்லையென்றால் திரைக் கோளாறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பேசுகிற வாடிக்கையாளரிடம் "அப்டேட் வரும்" என்று சொல்ல எங்களுக்கே வாய் வராது.

பேட்டரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் போன் பின்னணியில் படங்களை வரிசைப்படுத்தும், ஆப்களைப் புதுப்பிக்கும், சற்றுச் சூடாகும், சார்ஜும் வேகமாக இறங்கும். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் கிளம்பி வாருங்கள்.

* * *

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஆன்லைனில் வாங்கினேன், காதில் வைத்தாலும் திரை அணையவில்லை, கன்னம் பட்டு அழைப்பு துண்டித்துக்கொண்டே இருந்தது. முன்னால் இருக்கும் சென்சார் வேலை செய்யவில்லை. மாற்றிக் கேட்டதும் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். கூரியர் ஆள் நாளை வருவார், போனில் இருப்பதையெல்லாம் அழித்து வையுங்கள் என்றார்கள்.

பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ஃபேக்டரி ரீசெட் போட்டேன். இதைவிட முழுதாக அழிக்க வேறு வழி இல்லை என்று நம்பினேன். வந்தவர் போனைத் திறந்ததும் "முன்பு இருந்த கணக்கில் உள்நுழையவும்" என்று திரை கேட்டது. "கணக்கு பூட்டியிருக்கு, எடுத்துக்க முடியாது" என்று போய்விட்டார். திருட்டைத் தடுப்பதற்காக ஆண்ட்ராய்டு 5.1 காலத்தில், 2015-இல் வந்த பாதுகாப்பு அது. பொத்தானை அழுத்தி அழித்தால், யாரோ திருடி அழிக்கிறார்கள் என்றுதான் போன் நினைக்கும். செட்டிங்ஸ் வழியாக உள்ளே போய், பின் எண்ணைக் கொடுத்து அழித்தால்தான் கணக்கு விடுபடும். மறுபடி என் கணக்கில் உள்நுழைந்து, முழுதாக அமைத்து, கணக்கை நீக்கி, செட்டிங்ஸில் போய் அழித்தேன். இரண்டு நாள் வீண். கடைசி நாளின் மாலையில்தான் போன் கையைவிட்டுப் போனது, அந்த மாலை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும் ஃபைண்ட் மை என்பதை முதலில் அணைக்க வேண்டும். மறந்து கொடுத்துவிட்டாலும் ஆப்பிளின் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கிவிடலாம்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அழிக்கும் முன் இ-சிம்மை, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் சிம்மை, நினைவில் வையுங்கள். நான் அதையும் சேர்த்து அழித்துவிட்டேன். புது போன் வரும்வரை எண் இல்லை, எண் இல்லாததால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லாததால் வங்கி ஆப் திறக்கவில்லை. இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஆப் வழியாகக் குறியீடு எடுப்பவர்கள், அதை வேறு போனுக்கு மாற்றிய பிறகே கையை வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களும் அப்படித்தான், அன்றைக்கே ஒருமுறை பேக்கப் எடுத்துவிட வேண்டும். என் தங்கையின் குழந்தை பேசிய முதல் குரல் பதிவு அப்படித்தான் போயிற்று.

* * *

நண்பர்களே, மாற்றித் தரும் போனைப் பற்றியும் பேச வேண்டும். எனக்கு மாற்றிக் கொடுத்ததும் பெட்டி புதிதாகத்தான் இருந்தது. சும்மா *#06# அடித்துப் பார்த்தேன். 15 இலக்க ஐஎம்இஐ எண் வந்தது, இரண்டு சிம் போன் என்பதால் இரண்டு எண். பெட்டியில் இருந்த எண்ணோடு பொருந்தியது. சரி என்று தயாரிப்பாளரின் தளத்தில் அதே எண்ணைப் போட்டுப் பார்த்தால், வாரன்ட்டி என் பில் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்திருந்தது. வேறு யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த போன். திரையைப் பிடித்துக் காட்டினேன், வாதமே வரவில்லை, மூன்றாவது போன் கொடுத்தார்கள். பில்லில் புதிய ஐஎம்இஐ எண்ணை எழுதி வாங்க மறக்காதீர்கள். பழைய எண்ணே இருந்தால், நாளை வாரன்ட்டிக்குப் போகும்போது அந்தப் போன் உங்களுடையது என்று காட்ட முடியாது.

* * *

பின்பக்கம் உப்பியிருக்கும் போனை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். எனக்கு வாங்கிய இரண்டாம் வாரத்தில் பின் மூடி லேசாகத் தூக்கியது. வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் "பேக் செய்து கூரியரில் கொடுங்க" என்றார். கொடுக்கவில்லை. பழுதடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை இருக்கிறது, அது எங்கே எப்போது பற்றும் என்று யாருக்கும் தெரியாது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2016-இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது சாம்சங் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன. அக்டோபரில் அந்த மாடலின் தயாரிப்பையே நிறுத்தினார்கள். போனைத் திருப்பி அனுப்ப, வெப்பம் தாங்கும் பெட்டியும் கையுறையும் வாடிக்கையாளர்களுக்குப் போயின. அவ்வளவு பெரிய நிறுவனமே பெட்டியோடு கையுறையும் அனுப்பியது என்றால், நாம் செய்தித்தாளில் சுற்றி அனுப்பலாமா?

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. கவுன்ட்டரில் நின்ற நண்பர் அப்படி மனம் திறந்து எழுதியதற்குத் தனியாக நன்றி.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இரண்டாவது போனை எப்படிச் சோதித்தீர்கள் என்று. கடையைவிட்டு வெளியே வராமலே அம்மாவின் சிம்மைப் போட்டு அக்காவை அழைத்தோம். காதில் வைத்து ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை. பேசும்போது திரை அணைகிறதா என்று பார்த்தேன். குரல் பதிவு, முன்கேமரா, பின்கேமரா, சார்ஜர், வைஃபை, அதிர்வு எல்லாம் பார்த்து முடிக்க கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். அந்த வாரன்ட்டி தேதியை மட்டும் பார்க்கவில்லை, இங்கே படித்த பிறகு நேற்று இரவு பார்த்தேன். நாங்கள் வாங்கிய நாளைத்தான் காட்டியது.

அம்மா முதல் இரண்டு நாள் பழக்கதோஷத்தில் கத்தியே பேசினார். நேற்று அழைத்தபோது பக்கத்தில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தணிந்த குரலில் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.