மரப் பேனா கடைசல்: நடு வளையத்தில் மரம் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கிறது. காரணம் என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மரத்தில் பேனா கடையும் பழக்கத்தைத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. இதுவரை ஐந்து பேனாக்கள் கடைந்திருக்கிறேன். ஐந்திலும் ஏறக்குறைய ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதால், இதைக் கைத்தவறு என்று ஒதுக்கிவிட முடியவில்லை; நான் செய்யும் முறையிலேயே எங்கோ பிழை இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய லேத் (கடைசல் எந்திரம்). கடைவது, 7 மி.மீ. பித்தளைக் குழாய்கள் இரண்டு கொண்ட மெல்லிய திருகு பேனா. 19 மி.மீ. சதுரக் கட்டையைக் குழாயின் நீளத்துக்கு இரண்டாக அறுத்துத் துளையிடுகிறேன். குழாய்களைச் சூப்பர் குளூ கொண்டு ஒட்டி, ஓரங்களைச் சமன்செய்து, மேன்ட்ரல் என்னும் நீண்ட கம்பியில், புஷ் எனப்படும் அளவு வளையங்களுக்கு நடுவே கோத்துக் கடைகிறேன். உப்புத்தாள் போட்டு முடிக்கும் வரை எல்லாம் சரியாகவே தெரிகிறது. உலோகப் பாகங்களை அழுத்திச் சேர்த்த பிறகுதான் குறை வெளிப்படுகிறது. இரு மரப் பாகங்களுக்கும் இடையிலுள்ள உலோக நடு வளையத்தை ஒட்டி நகத்தை வைத்துப் பேனாவைச் சுற்றினால், ஒரு பக்கத்தில் மரம் மேடாக நகத்தைத் தடுக்கிறது. நேர் எதிர்ப்பக்கத்தில் வளையம் மேடாகி மரம் உள்வாங்கியிருக்கிறது. எழுதும் முனைப் பக்கமும் கொக்கிப் பக்கமும் இவ்வளவு மோசமில்லை.

இதைத் தவிர இரண்டு குறைகள் உண்டு. ஐந்தில் இரண்டு பேனாக்கள், முனையை அழுத்தும்போது மெல்லிய ஓசையுடன் ஓரத்திலிருந்து கீறலாக விரிசல் விட்டுவிட்டன. வெளிர் நிற மரத்தில் கடைந்த ஒன்றில், இரு ஓரங்களிலும் சாம்பல் பூசியதுபோல் ஒரு கருமை படிந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் துளை நடுவில் விழவில்லை என்றே நினைக்கிறேன். கட்டையைக் கையால் பிடித்துத் துளையிட்டால் டிரில் பிட் மரத்தின் ரேகையைப் பின்பற்றிச் சாய்ந்துவிடும்; ஒரு பக்கம் மரம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். கட்டையை லேத்தின் சக்கிலேயே (பிடிப்பானிலேயே) பிடித்துத் துளையிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன நண்பர் துளையிடும் முறை பற்றிக் கூறியது நல்ல யோசனை. ஆனால் இந்தக் குறைக்கு அது காரணமாக இருக்க முடியாது. மேன்ட்ரலில் மாட்டியபின் கட்டை சுழல்வது குழாயின் அச்சைச் சுற்றித்தான். துளை 3 மி.மீ. விலகி விழுந்திருந்தாலும் உளி அந்த அச்சைச் சுற்றியே வட்டமாகச் சீவுவதால், கடைந்து முடிக்கும்போது மரம் குழாய்க்குச் சமமாகவே அமைந்துவிடும். கட்டையின் ஒரு பக்கம் போதிய மரம் இல்லாமல் போகும் அளவுக்குத் துளை விலகினால் மட்டுமே சிக்கல்.

காரணத்தைத் தேடுமுன் ஒன்றை அளந்துவிடுங்கள். வெர்னியர் அளவியை எடுத்து, குறையுள்ள பேனாவின் நடு வளையத்தை ஒட்டி மரத்தின் விட்டத்தை அளங்கள். பிறகு பேனாவைக் கால் சுற்று திருப்பி அதே இடத்தில் மறுபடி அளங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் மரம் முட்டை வடிவமாகிவிட்டது என்று பொருள். முழுதும் காயாத மரம் கடைந்தபின் சுருங்குவதால் அப்படி ஆகும், ஏனெனில் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம் குறுக்கே ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மரம் வட்டம்தான், ஆனால் அந்த வட்டத்தின் மையம் குழாயின் மையத்தில் இல்லை. அப்படியானால் பழி மரத்தின்மேல் இல்லை, அது பொருத்தப்பட்ட விதத்தில் இருக்கிறது.

உங்கள் பேனாவில் இது ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடு வளையத்தருகே மரத்தின் வெளிவிட்டம் 8.4 மி.மீ. என்று கொண்டால், 7 மி.மீ. குழாயைக் கழித்தபின் பக்கத்துக்கு 0.7 மி.மீ. மரமே எஞ்சுகிறது. மையம் 0.2 மி.மீ. விலகினாலே ஒரு பக்கம் 0.9, மறுபக்கம் 0.5 ஆகிவிடும். கண் ஏமாறினாலும் நகம் ஏமாறாது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. நான்கு பேனாக்களை அளந்தேன். ஒவ்வொன்றிலும் கால் சுற்று திருப்பியபின் கிடைத்த அளவு முதல் அளவோடு அப்படியே ஒத்துப்போனது. ஆகவே மரம் வட்டமாகவே இருக்கிறது. மேன்ட்ரல் கம்பியைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டியும் பார்த்தேன். அடியில் எங்கும் வெளிச்சம் தெரியவில்லை, கம்பி நேராகத்தான் இருக்கிறது. இனி எங்கே தேடுவது?

மறுமொழி 2

கம்பி கழற்றிய நிலையில் நேராக இருப்பது நல்ல செய்தி. வேலை செய்யும்போது அது நேராக இருக்கிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி. மேன்ட்ரல் ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன் மட்டுமே கொண்ட நீண்ட கம்பி. முனையிலுள்ள நட்டை இடுக்கியால் முறுக்கினாலோ, அந்த முனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை வலுவாக நெருக்கினாலோ, அது நடுவில் வில்லைப்போல வளைந்துகொடுக்கும். வளைந்த கம்பி சுழலும்போது நடுப்பகுதி ஊசலாடும். உளி ஊசலாட்டத்தையும் சேர்த்தே வட்டமாகச் சீவிவிடும். வளைவு மிகுதியாக இருப்பது நடுவில்தான், உங்கள் நடு வளையமும் அங்கேதான் வருகிறது. இரு முனைகளிலும் குறை குறைவாக இருப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்தவுடனேயே எனக்கு இந்த ஐயம் எழுந்தது.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மரமில்லாத இடமான நடு புஷ்ஷுக்கு நேராகக் கூர்மையான பென்சிலை டூல் ரெஸ்டின்மேல் (உளி தாங்கியின்மேல்) வைத்து, அதன் நுனி புஷ்ஷை மட்டுமட்டாகத் தொடும்படி நிறுத்துங்கள். பிறகு லேத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். புஷ்ஷைச் சுற்றிலும் ஒரே சீராகக் கோடு விழுந்தால் எல்லாம் நேர். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்து மறுபக்கம் வெறுமையாக இருந்தால் கம்பி வளைந்திருக்கிறது. இதை நீங்கள் வழக்கமாக முறுக்கும் அளவில் ஒரு முறையும், நட்டை விரலால் மட்டும் திருகி ஒரு முறையும் செய்து பாருங்கள்.

கூடவே, டெயில் ஸ்டாக்கில் நீங்கள் மாட்டியிருக்கும் லைவ் சென்டர் (கம்பியோடு சேர்ந்து சுழலும் கூம்பு முனை) எது என்றும் பாருங்கள். மேன்ட்ரலின் முனையிலுள்ள குழி 60 பாகைக் கூம்புக்காகச் செய்யப்பட்டது. லேத்தோடு வரும் மரவேலைச் சென்டர்களில் பல வேறு கோணத்தில், நுனியில் ஊசியோடு இருக்கும். அது குழியில் சரியாக அமராமல் ஒரு பக்கமாகத் தள்ளும்.

மறுமொழி 3

நானும் தொடக்கத்தில் இதே சிக்கலில் இரண்டு மாதங்களை இழந்தேன் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓரங்களைச் சமன்செய்யும்போது அவை குழாய்க்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், நட்டை எவ்வளவு மெதுவாகத் திருகினாலும் புஷ் சாய்ந்து உட்கார்ந்து கம்பியை வளைக்கும். சமன்செய்யும் கட்டரைத் திருப்பும்போது பித்தளையின் விளிம்பைக் கவனியுங்கள். முதலில் பிறை வடிவில் ஒரு சிறு பகுதி மட்டும் பளபளக்கும். அது முழு வளையமாக மின்னும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் ஓரம் சாய்வு, அதற்குப்பின் தொடர்ந்தால் குழாய் குட்டையாகிவிடும்.

உங்கள் விரிசலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். மரம் குழாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், முனையின் தோள் பித்தளையில் அமராமல் நேரடியாக மரத்தை நெருக்கும். 0.7 மி.மீ. மரம் அதைத் தாங்காது. விரிசல் விட்ட பேனாவின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்ல முடியுமா?

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பென்சில் சோதனை எல்லாவற்றையும் கண்முன் கொண்டுவந்துவிட்டது. நான் வழக்கம்போல் இடுக்கியால் முறுக்கியபோது கோடு பாதிச் சுற்றுக்கு மேல் விழவே இல்லை. நட்டை விரலால் திருகியபின் முக்கால் சுற்று விழுந்தது. டெயில் ஸ்டாக்கை, சென்டர் நழுவாமல் கூடவே சுழலும் அளவுக்கு மட்டும் நெருக்கியபோது முழுச் சுற்றும் கோடு விழுந்தது. மரம் மேன்ட்ரலில் நழுவிவிடுமோ என்ற அச்சத்தில்தான் இத்தனை நாள் அவ்வளவு முறுக்கி வந்தேன். லைவ் சென்டரும் ஊசி நுனி கொண்டதே. 60 பாகைச் சென்டர் ஒன்று வாங்கிக்கொள்கிறேன்.

விரிசல் விட்ட இரண்டையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். குழாய் மரத்தின் விளிம்போடு சமமாகவே இருக்கிறது. ஆனால் உடைந்த பாகத்தைப் பிரித்தபோது, குழாயின் உட்புறத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே, கண்ணாடிபோல் இறுகிய பசை ஒரு பக்கமாகப் படிந்திருப்பதைக் கண்டேன். இன்னொன்றில் மரத்துக்கும் குழாய்க்கும் இடையே பசையே இல்லாத ஒரு வெற்றிடம் தெரிந்தது.

மறுமொழி 3

அப்படியானால் விரிசலுக்கான விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். உள்ளே இறுகிய பசை, அழுத்தும் பாகத்துக்கு இடமில்லாமல் செய்து குழாயை வெளிநோக்கி விரிக்கிறது. பித்தளை சிறிது விரிந்துகொடுக்கும், மேலிருக்கும் மெல்லிய மரம் பிளந்துவிடும். பசை பிடிக்காத வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் மரத்துக்குத் துணையே இல்லை.

ஒட்டும்போது இவற்றைச் செய்து பாருங்கள். குழாயின் வெளிப்புறத்தை 150 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பாக்குங்கள். உள்ளே செல்லும் முனையைச் சிறிதளவு மெழுகால் அடைத்துவிட்டால் பசை உட்புறம் போகாது. குழாயின்மீது மட்டும் பசையைத் தடவினால், நுழைக்கும்போதே பெரும்பகுதி வாயிலில் வழித்தெடுக்கப்பட்டுவிடும். ஆகவே துளையின் உட்சுவரிலும் தடவி, குழாயைச் சுழற்றிக்கொண்டே நுழைத்துவிடுங்கள். சூப்பர் குளூ பாதி வழியிலேயே இறுகிக் குழாயைச் சிறைப்பிடித்த அனுபவம் எனக்குப் பலமுறை நேர்ந்ததால், நான் எபாக்ஸிக்கு மாறிவிட்டேன். இறுக நேரம் கூடுதலாகும் என்றாலும், அது இடைவெளிகளை நிரப்பும். நிதானமாக வேலை செய்யவும் அவகாசம் தரும். இறுகியபின், பாகங்களைச் சேர்க்கும் முன், சுருட்டிய உப்புத்தாளைக் குழாயினுள் விட்டு இரண்டு சுற்று திருப்பிவிடுங்கள்.

மறுமொழி 2

கருமை பற்றி யாரும் சொல்லவில்லை. அது புஷ்ஷிலிருந்து வரும் இரும்புத் தூள். உப்புத்தாள் மரத்தோடு சேர்ந்து புஷ்ஷையும் தேய்க்கிறது. அந்தத் தூள் வெளிர் மரத்தின் நுண்துளைகளில் ஏறிவிடும். உளியால் அளவுக்கு மிக அருகில் கொண்டுவந்தபின், உப்புத்தாளைப் புஷ்ஷுக்குச் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். ஒவ்வொரு எண் முடிந்ததும் லேத்தை நிறுத்திவிட்டு ரேகையின் போக்கில் நீளவாக்கில் சில முறை தேய்த்துத் தூளைத் துடைத்தெடுங்கள். உளி கூர்மையாக இருந்தால் 240 எண்ணிலிருந்தே தொடங்கலாம். மிகச் சொரசொரப்பான 80 எண் தேவைப்படுகிறது என்றால் உளியைத் தீட்ட வேண்டும் என்பதே அதன் பொருள்.

இந்தத் தேய்மானத்தால் இன்னொரு கேடும் உண்டு. புஷ் நாளடைவில் மெலிந்துவிடும். அதை நம்பிக் கடைந்தால் மரமும் மெலியும். ஆகவே இறுதி அளவுக்குப் புஷ்ஷை நம்பாமல், பொருத்தப்போகும் வளையத்தையும் முனையையும் வெர்னியரால் அளந்து அதற்கு ஏற்றபடி முடிப்பது என் வழக்கம்.

மேல்பூச்சுக்குச் சூப்பர் குளூ பயன்படுத்துவதாக இருந்தால், பருத்தித் துணியால் தடவ வேண்டாம். பஞ்சிழையில் அந்தப் பசை பட்டால் சட்டென்று சூடேறிப் புகையக்கூடும், விரல் வெந்துபோகும். காகிதத் துண்டே பாதுகாப்பானது. முகக் கவசத்தையும் தூசு முகமூடியையும் ஒரு நிமிட வேலைக்குக்கூட விட்டுவிடாதீர்கள். ஈட்டி இனத்து மரங்களின் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

மறுமொழி 1

துளை பற்றி நான் சொன்னது தவறு என்பது விளங்கிவிட்டது, விளக்கத்துக்கு நன்றி. என் மேன்ட்ரலிலும் பென்சில் சோதனையைச் செய்தேன். எனக்கும் பாதிச் சுற்றுதான் விழுந்தது.

கேட்டவர்

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். புதிய சென்டர் வந்தது. எபாக்ஸியில் ஒட்டி, நட்டை விரலால் மட்டும் திருகி ஆறாவது பேனாவைத் தேக்கில் கடைந்து முடித்தேன். நடு வளையத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினால் மரம் எங்கே முடிந்து உலோகம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை. விரிசலும் இல்லை. இந்த மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு குறை எஞ்சியிருக்கிறது. பேனாவை எவ்வளவு திருகினாலும் ரீஃபில்லின் நுனி முழுதும் உள்ளே போகாமல் ஒரு மி.மீ. வெளியே நிற்கிறது.

மறுமொழி 3

பாராட்டுகள் நண்பரே. ரீஃபில்லை முன்பின் நகர்த்தும் திருகும் பாகத்தைக் கீழ்க்குழாயில் தேவைக்கு மேல் ஆழமாக அழுத்திவிட்டீர்கள். ரீஃபில்லைக் கழற்றிவிட்டு, முனைப் பக்கத்தை மேல்நோக்கிப் பிடித்து, குழாயின் உள்ளே தாராளமாகச் செல்லும் ஒரு கம்பியை முனை வழியாகவே செலுத்தி அந்தப் பாகத்தின் பித்தளை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். முனையின் துளை சிறியதாக இருந்தால் முதலில் முனையைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாகம் ஒன்றரை மி.மீ. பின்வாங்கினால் போதும். அடுத்த பேனாவில் சிறிது அழுத்துவதும், ரீஃபில்லைத் திருகி மாட்டி நுனியைப் பார்ப்பதும், மறுபடி சிறிது அழுத்துவதுமாகச் செல்லுங்கள். ஆழமாக்குவது எந்நேரமும் எளிது. வெளியே எடுப்பதுதான் மரத்துக்கு ஆபத்து.

கேட்டவர்

முனையைக் கழற்றித்தான் தட்ட வேண்டியிருந்தது; மரத்துக்குச் சேதமில்லை. இப்போது நுனி முழுதும் உள்ளே செல்கிறது. இந்தப் பதிலை அந்தப் பேனாவால் முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்கிறேன்.