ஆன்-லயா, வேர்-லயா? ரெண்டும் ஒண்ணு இல்லைங்க

கணக்கன்:
டேட்டாபேஸ்ல தகவல் கேட்கிற மொழியான எஸ்க்யூஎல்லைப் புதுசா கத்துக்கிற நிலாமகள் நேத்து கேட்டாங்க: வாசகர் டேபிள்ல 5 பேர், இரவல் டேபிளோட லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாட்டியும் வாசகர் எல்லாரையும் வெச்சுக்கிற இணைப்பு) போட்டு, வடிகட்டுற வேர்-ல ஆண்டு = 2024-ன்னு கேட்டா 2 பேர்தான் வர்றாங்க, மத்தவங்க எங்கே? அதுக்குப் பழையகை சொன்ன பதில், "ஜோடி சேர்க்கிற ஆன்-ல போட்டாலும் வேர்-ல போட்டாலும் ஒண்ணுதான், கூடவே ஆர் ஈஸ் நல் (இல்லேன்னா ஆண்டு காலியா இருந்தாலும் சரி) சேர்த்துக்கோங்க". ராத்திரி படிச்சது, இன்னும் மனசு ஆறல. ஜோடி இல்லாத வாசகருக்கு லெஃப்ட் ஜாயின் இரவல் பக்கம் முழுக்க நல், அதாவது மதிப்பே இல்லைங்கிற குறி, போட்டு நிரப்புது. வேர் அதுக்கு அப்புறம்தான். நல் = 2024 உண்மையும் இல்ல, பொய்யும் இல்ல. உண்மையா இருந்தாத்தான் வேர் உள்ளே விடும். அப்போ லெஃப்ட் எதுக்கு? ஜோடி உள்ளவங்களை மட்டும் குடுக்கிற இன்னர் ஜாயினே போட்டிருக்கலாமே.

பழையகை:
வெளியே போனவங்களை ஆர் ஈஸ் நல் திரும்பக் கொண்டு வந்துடும். அதைத்தானே சொன்னேன்? முழுசா படிச்சுட்டுக் கோபப்படுங்க. 12 வருஷமா ரிப்போர்ட் எழுதுறேன், ஆள் குறையுதுன்னு ஒருத்தர் வந்து நின்னதில்ல.

கணக்கன்:
குறைஞ்சது தெரிஞ்சாத்தானே வந்து நிப்பாங்க. அவங்க டேபிளையே பாருங்க. எண் 1, 2 2024-ல எடுத்தவங்க. எண் 3 எடுத்தது 2023-ல மட்டும். 4, 5 எடுத்ததே இல்ல. உங்க குவெரிக்கு 1, 2, 4, 5 வருவாங்க. 3 வரமாட்டார்! அவருக்குப் பழைய இரவல் ஜோடியா கிடைச்சாச்சு, அதனால நல் இல்ல. ஆண்டும் 2024 இல்ல. இப்படி எழுதுங்க:

ஃப்ரம் வாசகர் லெஃப்ட் ஜாயின் இரவல்
ஆன் இரவல்.வாசகர்_எண் = வாசகர்.எண்
அண்ட் இரவல்.ஆண்டு = 2024

5 பேரும் வருவாங்க.

பழையகை:
அஞ்சு ரோவை வெச்சு என்ன வேணா நிரூபிக்கலாம். நிஜ டேபிள்ல வேலை பார்த்தவனுக்குத் தெரியும். ஃப்ரம்-ல டேபிள் பேருங்களுக்கு நடுவுல கமா, மீதி எல்லாம் வேர்-ல, இப்படித்தான் நாங்க பழகினோம்.

கணக்கன்:
ஜாயின், ஆன் எல்லாம் 1992 எஸ்க்யூஎல் தரத்துலயே வந்தாச்சு. 3ஆம் எண் எங்கே?

இரட்டைச்சுழி:
இன்னர் ஜாயின்ல நிபந்தனையை ஆன், வேர் எங்கே போட்டாலும் ஒரே விடைதான், அதை ரெண்டு பேருமே தெளிவா சொல்லல. இன்னொண்ணு. நேத்து பழையகை "டேபிளுக்கு டேபிள் உறவு இருக்கு, அதனாலதான் ரிலேஷனல்"னு எழுதியிருந்தார். தப்பு. 1970-ல ஐபிஎம்-ல இருந்த எட்கர் காட் ரிலேஷன்னு சொன்னது கணிதத்துல வர்ற அர்த்தத்துல. ஒரு டேபிளே ஒரு ரிலேஷன்தான்.

பழையகை:
வந்துட்டாரு வாத்தியார். ஒரு டேபிள் இன்னொரு டேபிளைச் சுட்டுற ஃபாரின் கீ உறவு இல்லாம வேற என்ன?

இரட்டைச்சுழி:
ஃபாரின் கீ வேற, பெயர்க்காரணம் வேற. ரெண்டையும் குழப்பாதீங்க.

கணக்கன்:
அதை அப்புறம் பேசலாம். 3ஆம் எண்ணுக்கு இன்னும் பதில் வரல. போன மாசம் நாட் இன் (பட்டியல்ல இல்லாததை எடுக்கிறது) விஷயத்துலயும் இதே கதைதான். பட்டியலைக் குடுக்கிற உள்குவெரியில ஒரே ஒரு நல் இருந்தா மொத்த விடையும் காலியாயிடும், அதுக்குப் பதிலா நாட் எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "எனக்கு வந்ததே இல்ல"ன்னுட்டுப் போயிட்டீங்க.

பழையகை:
அதை இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களா! வந்ததே இல்ல. இப்பவும் அதைத்தான் சொல்றேன்.

நிலாமகள்:
அண்ணா, ஆன்-க்கு மாத்தினதும் 5 பேரும் வந்துட்டாங்க. ஆனா குரூப் பை போட்டு வாசகர் வாரியா பிரிச்சு, எண்ணுறதுக்குக் கவுண்ட் நட்சத்திரம் எடுத்தா 2024-ல ஒண்ணுமே எடுக்காத 3, 4, 5-க்கும் 1 காட்டுதே?

கணக்கன்:
நட்சத்திரம் ரோவை எண்ணும்மா. நல் நிரப்பின ரோவும் ஒரு ரோதானே? கவுண்ட்-க்குள்ள இரவல்.எண் குடுங்க, நல்லை விட்டுட்டு எண்ணும். 0 வரும்.

பழையகை:
பாத்தீங்களா, ஆன்-ல போட்டதால வந்த வினை. வேர்-ல இருந்திருந்தா இந்தக் குழப்பமே கிடையாது.

கணக்கன்:
உங்க ஆர் ஈஸ் நல் குவெரியிலயும் 4, 5-க்கு 1-தான் வரும், ஓட்டிப் பாருங்க. 3-க்கு அதுகூட வராது, ஆளே இல்லையே! எங்கே அவர்?

பழையகை:
என் ரிப்போர்ட்டுக்கு அவர் தேவையில்ல.

இரட்டைச்சுழி:
ரிலேஷன் பத்தி நான் சொன்னதுக்கு யாரும் பதிலே சொல்லலையே?