மாக் 7 கணக்கீட்டில் அழுத்தம் பொருந்துகிறது, வெப்பம் பொருந்தவில்லை

கேள்வி:
வணக்கம். முனை மழுங்கிய கூம்பின் மேல் மாக் 7 வேகத்தில் (ஒலியைப் போல் 7 மடங்கு) காற்று பாய்வதை சி.எஃப்.டி. முறையில் (கணினிவழிப் பாய்வுக் கணக்கீடு) கணக்கிட்டு வருகிறேன். காற்றுச் சுரங்கச் சோதனையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அழுத்தம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் வெப்பப் பாய்வு முனையில் திட்டுத் திட்டாகத் தெரிவதோடு, பின்பகுதியில் அளந்த மதிப்பைவிட மிகவும் குறைந்தும் வருகிறது. நான்முகிக் கட்டங்களாலான மெஷ்ஷைக் (பாய்வுவெளியைப் பிரிக்கும் கட்ட வலையை) கொண்டு, எல்லைப் படலம் (சுவரை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு) முழுவதும் கொந்தளிப்பில்லாத சீரோட்டமே என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். காற்றின் வேதிமாற்றங்களைச் சேர்க்காததுதான் காரணமா?

பதில் 1:
முதலில் மெஷ்ஷைப் பாருங்கள். அழுத்தத்தைப் பெரும்பாலும் உடலின் வடிவமும் அதன் முன்னே காற்று திடீரென அமுங்கும் அதிர்ச்சி அலையுமே தீர்மானிப்பதால், பாகுத்தன்மையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் அது ஓரளவு சரியாக வந்துவிடும். வெப்பமோ சுவரை ஒட்டிய வெப்பநிலைச் சரிவைப் பொறுத்தது. அதிர்ச்சி அலையைக் கோணல்மாணலாக வெட்டும் நான்முகிக் கட்டங்களில் எழும் என்ட்ரோபிப் பிழை (வாயுவின் வெப்பநிலை சார்ந்த என்ட்ரோபி அளவில் வரும் கணக்கீட்டுப் பிழை), பாய்வோடு கீழிறங்கி முனையில் வந்து படிகிறது; சமச்சீரான உடலில் திட்டுகள் தெரிவது அதன் அடையாளமே. அலைக்கு இணையாக அடுக்கிய அறுமுகிக் கட்டங்களை அமைத்து, சுவரருகே முதல் கட்டத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் (பாய்வின் நிலைமத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) 1-ஐ ஒட்டி இருக்குமாறு செய்யுங்கள். அவ்வாறு அடுக்கிய மெஷ்ஷில் கட்டங்களுக்கிடையிலான பாய்வைக் கணக்கிடும் ரோ முறையைப் பயன்படுத்தினால், அலையின் நடுவே கார்பங்கிள் என்னும் பொய்யான புடைப்பு முளைக்கலாம். அதைத் தணிக்க ரோ முறையில் என்ட்ரோபித் திருத்தம் என்னும் சிறு மாற்றத்தைச் சேர்க்க மறவாதீர்கள்.

பதில் 2:
பின்பகுதிக் குறைவுக்கு மெஷ் மட்டும் விடையாகாது என்று கருதுகிறேன். அங்கே எல்லைப் படலம் கொந்தளிப்பாக மாறியிருக்கக்கூடும். மாறினால் வெப்பம் சில மடங்கு உயரும். சாதாரணச் சுரங்கங்களின் சுவர்ப் படலம் எழுப்பும் ஒலி இரைச்சல் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதால், சோதனையில் அது நிகழும் இடத்தை வானில் பறக்கும்போதும் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. முழுச் சீரோட்டம், முழுக் கொந்தளிப்பு என இரண்டு கணக்கீடுகளையும் நடத்தி, அளவீடு எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்று பாருங்கள்.

பதில் 3:
வேதிமாற்றத்தைப் பற்றி: 30 கி.மீ. உயரத்தில் காற்று சுமார் 227 கெல்வினில் இருக்கும். அங்கே மாக் 7-இல், இலட்சிய வாயுச் சமன்பாட்டின்படி முனையில் ஏறத்தாழ 2,450 கெல்வின் வரும். மூலக்கூறு அதிர்வுகள் தூண்டப்பட்டு, ஆக்சிஜனும் பிரியத் தொடங்கும் எல்லை அது. குளிர்ந்த காற்றைப் பாய்ச்சும் சுரங்கத்தில் இந்த நிலை எழுவதில்லை. 1981-இல் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகத் திரும்பியபோது, சமநிலைக்கு அதன் பின்மடிப்பை (உடலின் பின்முனையில் அசையும் தட்டை) முன்பு கணித்ததைவிட ஏறத்தாழ இருமடங்கு சாய்க்க நேர்ந்தது. சுரங்கங்களில் வெளிப்படாத உயர்வெப்ப வாயு விளைவுகளே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் நடந்த சி.எஃப்.டி. ஆய்வுகள் காட்டின. ஆகவே இவ்வளவு வேகமாக வானில் பறக்கும் ஊர்தியின் வடிவமைப்பில் அவற்றை விடவே முடியாது. உங்கள் ஒப்பீட்டுக்குத் தேவையா என்பது சுரங்கத்தின் மொத்த வெப்பநிலையை (பாயும் காற்றை நிறுத்தினால் அது அடையும் வெப்பநிலையை) பொறுத்தது. அது எவ்வளவு என்று இங்கே குறிப்பிட முடியுமா?