புதுப்பிப்பு: வேலைய விட்டுட்டு 8 மாசப் பயணம், நாலறை வீட்ட என்ன பண்ணேன்

மார்ச்ல கேட்டிருந்தேன், லாவோஸ், வியட்நாம்னு 8 மாசம் சிக்கனமா சுத்தப் போறேன், சிங்கப்பூர் ஈசூன்ல இருக்குற என் எச்டிபி (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீட்டுல ஒரு ரூமுல சாமானப் போட்டுப் பூட்டிட்டு மிச்சத்த வாடகைக்கு விடலாமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, இப்ப லாவோஸ்ல லுவாங் பிரபாங்லேருந்து எழுதுறேன்.

"ரூமப் பூட்டாதீங்க, முழு வீடா விடுங்க"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க, அதான் சரி. ரூம் மட்டும் விட்டா நாமளும் அங்கயே குடியிருக்கணும், பூட்டி வச்சிட்டு கெளம்புறது விதிமீறல். முழு வீடா விட நாம சிங்கப்பூர் சிட்டிசனா இருக்கணும், 5 வருஷ எம்ஓபி (வாங்குன வீட்டுல நாமளே கட்டாயம் குடியிருக்க வேண்டிய காலம்) முடிஞ்சிருக்கணும், ஒப்பந்தம் குறைஞ்சது 6 மாசம், வாடகைக்கு வர்றவங்க குடிவர்றதுக்கு முன்னாடியே எச்டிபி அனுமதி வாங்கிடணும், ஆன்லைன்லயே முடிஞ்சிருச்சு.

எதிர்பார்க்காதது சாமான் மாத்துனதுதான். அம்மாவோட பித்தளக் குத்துவிளக்க அவங்க பழைய சேலையிலயே சுத்தி எங்க சொந்த அக்கா வீட்டு ஸ்டோர்ரூம்ல வச்சப்ப கை நடுங்கிருச்சு, ராஜினாமா லெட்டர் குடுத்தப்பகூட அப்படி ஆகல.

பேங்குக்கு, கெளம்புறதுக்கு முன்னாடியே டிஜிட்டல் டோக்கன் (எஸ்எம்எஸ்ல நம்பர் வர்றதுக்குப் பதிலா பேங்க் ஆப்லயே உறுதி பண்றது) போடச் சொன்ன தம்பிக்குப் பெரிய நன்றி, இங்க நம்ம சிம்முக்கு எஸ்எம்எஸ் சரியா வர்றதில்ல, ஆப் வைஃபைலயே ஓடுது.

இன்னொண்ணு, செக்-இன் கவுண்டர்ல லாவோஸ விட்டு வெளிய போற டிக்கெட் கேட்டாங்க, எங்கிட்ட இல்ல, அங்கயே நின்னு ஹனோய்க்கு பஸ் டிக்கெட் போட்டேன். முன்னாடியே எடுத்து வச்சிக்குங்க. வியட்நாம்ல நமக்கு 30 நாள் வரைக்கும் விசாவே வேணாம், அதுக்கு மேல இருக்கணும்னா 90 நாள் இ-விசா, 25 அமெரிக்க டாலர், அத வாங்கிட்டேன்.